ரேட்டிங்கை நம்பி எலக்ட்ரானிக்ஸ் வாங்கலாமா?

போன வருஷம் ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஏர் கூலர் ஒன்றை ஆர்டர் போட்டுத் தரச் சொல்லி போனை என்னிடம் நீட்டினார். திரையில் 4.4 ஸ்டார். 18,000 பேருக்கு மேல் ரேட்டிங் கொடுத்திருந்தார்கள். "இது வேண்டாம் சித்தி" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பதினெட்டாயிரம் பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நீ ஒருத்தன் வேணாங்கிறே. நான் யாரைடா நம்பறது?"

நியாயமான கேள்வி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், போன், டிவி என்று எதை வாங்கப் போனாலும் நாம் எல்லோரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறோம். முன்பெல்லாம் தெரிந்த கடைக்காரரைக் கேட்போம். இப்போது ஸ்டாரைப் பார்க்கிறோம். அந்த ஸ்டார் எப்படி உருவாகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் அதை ஒழுங்காகப் பயன்படுத்தலாம். அதைத்தான் சித்தியிடம் உட்கார்ந்து சொன்னேன்.

பதினெட்டாயிரம் பேரும் உண்மைதான் சொன்னார்கள்

முதலில் அந்தக் கூலரின் ரிவ்யூக்களைத் திறந்தோம். சில தளங்களில் எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஊர் பெயரும் இருக்கும். நாக்பூர், ஜெய்ப்பூர், இந்தூர், மறுபடி நாக்பூர். "அறை ஜில்லென்று ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். பொய்யே இல்லை. அங்கே அது நிஜமாகவே ஜில்லென்று ஆக்கும்.

ஏர் கூலர் வேலை செய்வது நம் வீட்டு மண்பானை மாதிரி. தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், குளிர்ச்சியும் அதிகம். நாக்பூர் கோடையில் வெளியே 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றைத் தண்ணீர் ஆவியாதல் மூலம் ஏறக்குறைய 22 டிகிரி வரை இறக்க முடியும். நடைமுறையில் கூலர் அவ்வளவு தூரம் போகாது என்றாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இப்போது சென்னைக்கு வாருங்கள். 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். இங்கே எவ்வளவு நல்ல கூலராக இருந்தாலும் 29 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் அதற்கு இடம் கொடுக்காது. ஜன்னலைச் சாத்திவிட்டால் கூலரே இன்னும் ஈரத்தைச் சேர்த்து, அரைமணி நேரத்தில் உடம்பு பிசுபிசுவென்று ஆகிவிடும்.

ஆக, அந்த 4.4 நாக்பூருக்குச் சரியான மார்க். பெரம்பூரில் அது செல்லாது. பொருள் ஒன்றேதான், ஊர் வேறு. ரேட்டிங் என்பது பொருளுக்கு மட்டும் கிடைத்த மார்க் என்று நாம் நினைக்கிறோம். பொருளும், அதை வைத்திருக்கும் வீடும், அந்த ஊர்க் காற்றும், தண்ணீரும், கரண்டும் சேர்ந்து வாங்கிய மார்க் அது.

சென்னையில் இது கூலரோடு நிற்பதில்லை. திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டை மெக்கானிக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பின்பக்கத்து அலுமினியத் தகடுகளில் விரலை வைத்ததும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. கேஸ் லீக் ஆகிக்கொண்டே இருந்ததற்கும் அதுதான் காரணம் என்றார். அந்த மாடலுக்கு ஆயிரக்கணக்கில் நல்ல ரிவ்யூ இருக்கிறது. கடலே இல்லாத ஊர்க்காரர் யாரும் உப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. அதேபோல, போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் ஹீட்டர் வைத்த வாஷிங் மெஷினில் உப்புப் படிவது, மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்காரரின் ரிவ்யூவில் இருக்காது.

அந்த 4.4 எப்படி வருகிறது?

அடிப்படையில் அது ஒரு சராசரி. 5 பேர் 5 ஸ்டாரும், 5 பேர் 3 ஸ்டாரும் கொடுத்தால் 4. சில தளங்கள் நேர் சராசரி எடுக்காமல், ரிவ்யூ எவ்வளவு பழையது, எழுதியவர் நிஜமாகவே அங்கே வாங்கினாரா என்றெல்லாம் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடுகின்றன. எப்படியானாலும், கடைசியில் நம் கண்ணில் படுவது ஒரே ஒரு எண்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பது. முதலாவதைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு இயர்போனுக்கு 28 பேர் சேர்ந்து 4.6 கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றுக்கு 9,400 பேர் சேர்ந்து 4.3. முதலாவதுதான் நல்லது என்று கை போகும். ஆனால் நாளைக்கே மூன்று பேர் 1 ஸ்டார் போட்டால், 28 பேர் வைத்திருந்த 4.6 சட்டென்று 4.25 ஆகிவிடும். அதே மூன்று பேர் இரண்டாவது இயர்போனுக்கு 1 ஸ்டார் போட்டால் 4.3 அசையவே அசையாது. கொஞ்சம் பேர் கொடுத்த மார்க் அவ்வளவு லேசானது. விற்பவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் போதும், அதை மேலே ஏற்ற.

சராசரியில் இன்னொன்றும் மறைந்து போகிறது. ஒரு பொருளுக்கு எல்லோரும் 4 ஸ்டார் கொடுத்தாலும் சராசரி 4. நான்கில் மூன்று பேர் 5 கொடுத்து, நான்காமவர் 1 கொடுத்தாலும் சராசரி 4. முதல் பொருள் எல்லோருக்கும் பரவாயில்லை. இரண்டாவதில் நாலில் ஒன்று பழுது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கக்கூடாது. எண்ணைத் தொட்டால் 5, 4, 3, 2, 1 எனத் தனித்தனிக் கோடுகள் வரும். 1 ஸ்டார் கோடு எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

முதல் வாரத்து சந்தோஷம்

என் பார்வையில் ரேட்டிங்கின் மிகப் பெரிய குறை, அது சீக்கிரமே எழுதப்படுகிறது என்பதுதான். பெட்டி வந்த நான்காம் நாளோ பத்தாம் நாளோ "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று போனில் வந்து நிற்கும். அப்போது நமக்கு என்ன தெரியும்? கலர் நன்றாக இருக்கிறது, டெலிவரி சொன்ன நாளில் வந்தது, ஆன் செய்தால் ஓடுகிறது. "இன்னிக்குத்தான் வந்துச்சு, சூப்பர்" என்று 5 ஸ்டார் போட்டுவிடுகிறோம். 14 மாதம் கழித்து, வாரண்டி முடிந்த பிறகு, மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கி போர்டு போனால், பழைய ரிவ்யூவைத் தேடிப் போய்த் திருத்துகிறவர் எத்தனை பேர்? நானே திருத்தியதில்லை.

நமக்குத் தெரிய வேண்டியதோ மூன்றாம் வருஷத்துச் சங்கதி. சந்தைக்குப் புதிதாக வந்த மாடலுக்கு அந்தப் பதில் உலகத்தில் யாரிடமும் இருக்க முடியாது. 2016 ஆகஸ்டில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வந்தபோது விமர்சகர்கள் அதைக் கொண்டாடினார்கள். சில வாரங்களில் பேட்டரி தீப்பிடிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் திரும்பப் பெற ஆரம்பித்து, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். விமர்சகர்கள் விலைபோகவில்லை. அவர்கள் கையில் இருந்தது சில நாட்கள் மட்டுமே. அந்த நாட்களில் தெரிந்ததை எழுதினார்கள்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் மூன்று ஆய்வாளர்கள் 120 வகைகளைச் சேர்ந்த 1,272 பொருட்களை எடுத்து, அமேசானில் வாங்கியவர்கள் கொடுத்த ஸ்டாரையும், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு சோதனைக் கூடத்தில் கொடுத்த மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. வாங்குகிறவர்களோ ஸ்டாரைத் தரத்தின் அளவுகோலாக அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பதும் தெரிய வந்தது.

காசு கொடுத்து வாங்கிய ஸ்டார்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். 4.5 ஸ்டார். பெட்டியைத் திறந்தால் சார்ஜர் கேபிளுக்குக் கீழே பளபளவென்று ஒரு அட்டை. 5 ஸ்டார் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 150 ரூபாய் யூபிஐயில் வந்துவிடுமாம். ஸ்பீக்கர் 900 ரூபாய். ஆறில் ஒரு பங்கு காசு திரும்பி வருகிறதென்றால் போடத்தான் தோன்றும். எனக்குக் கோபம் வந்தது. நான் நம்பி வாங்கிய 4.5-ல் எத்தனை, இந்த அட்டை வாங்கித் தந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. ஐந்தாம் மாதம் ஸ்பீக்கர் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிட்டது. நான் போட்டது 1 ஸ்டார், அந்த அட்டையின் படத்தோடு.

போலி ரிவ்யூ சட்டப்படியும் தப்புதான். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரே வாங்கியவர் மாதிரி வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக்கூடாது. 2022 நவம்பரில் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ரிவ்யூக்களைச் சேகரித்து வெளியிடுவதற்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சி, ஆனால் விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. அமெரிக்காவில் போலி ரிவ்யூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

போலியைக் கண்டுபிடிக்க நிச்சயமான வழி ஒன்றும் கிடையாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ஒரே வாரத்தில் குவியலாக வந்த 5 ஸ்டார். "அற்புதமான தயாரிப்பு, பணத்துக்கு ஏற்ற மதிப்பு" என்று மிக்ஸிக்கும் பொருந்தும், செருப்புக்கும் பொருந்தும் வாக்கியங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சார்ஜர் பக்கத்தில் யாராவது போன் கவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? வேறு பொருளுக்கு வந்த பழைய ரிவ்யூக்களை இந்தப் பக்கத்தோடு இணைத்திருப்பார்கள். இப்படிச் செய்ததற்காக 2023-ல் அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரை விற்கும் ஒரு நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் வேறு

சித்தியின் அடுத்த கேள்வி, "அப்போ 5 ஸ்டார் ஏசின்னு சொல்றாங்களே, அதுவும் இப்படித்தானா?" நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. ஏசி, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் பொதுமக்கள் கொடுப்பதில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், கடையில் பி.இ.இ. என்பார்கள், 2006-ல் தொடங்கிய திட்டம் அது. ஏசியைச் சோதித்து, வாங்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்று அளந்து கொடுப்பது. அதை நம்பலாம். ஆனால் அது கரண்ட் சிக்கனத்தை மட்டும்தான் சொல்லும். 5 ஸ்டார் ஏசியின் போர்டு அடுத்த வருஷமே போகலாம், சர்வீஸ் ஆள் வர பத்து நாள் ஆகலாம். அதற்கும் ஸ்டாருக்கும் சம்பந்தமில்லை.

அந்த அளவுகோலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்படும். லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வாங்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்பதுதான் அது, எண் கூடினால் சிக்கனம் கூடும். அந்த எண் 4.6 உள்ள ஸ்பிளிட் ஏசி, 2018 முதல் இருந்த கணக்கில் 5 ஸ்டார். 2022 ஜூலையில் அளவுகோல் மாறியபோது அதே ஏசி 4 ஸ்டாராக இறங்கியது. அதனால் கடையில் பழைய ஸ்டாக் என்று தள்ளுபடியில் தந்தால் ஸ்டாரை விட்டுவிட்டு அந்த எண்ணையும், லேபிள் எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் பாருங்கள்.

லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் ஆகும் கணக்கு. இரண்டு ஏசிக்கும் லேபிளில் 200 யூனிட் வித்தியாசம் என்று வையுங்கள். சித்தி ஏப்ரல், மே இரண்டு மாதம், ராத்திரி எட்டு மணி நேரம்தான் போடுவார். 480 மணி நேரம். அவருக்கு மிச்சமாவது 60 யூனிட். 5 ஸ்டாருக்கு ஐந்தாறாயிரம் கூடக் கொடுத்தால் அந்தக் காசைப் பிடிக்கப் பல வருஷம் ஆகும். வருஷத்தில் எட்டு மாதம் ஏசி ஓடும் வீட்டுக்கு 5 ஸ்டார்தான் சரி.

அப்படியென்றால் யாரைக் கேட்பது?

மேலே சொன்ன கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமெரிக்காவில் 1936 முதல் இருக்கிறது. பொருட்களைக் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிப்பார்கள், விளம்பரம் வாங்குவதில்லை. நம் நாட்டில் அகமதாபாத்தின் சி.இ.ஆர்.சி., டெல்லியின் வாய்ஸ் போன்ற நுகர்வோர் அமைப்புகள் பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்து வெளியிட்டிருக்கின்றன. நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அவர்கள் பட்டியலில் இருப்பது அபூர்வம் என்றாலும் தேடிப் பார்ப்பது வீண் போகாது. யூடியூப் விமர்சகர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போனை நிறுவனம் கொடுத்ததா, தானே வாங்கியதா என்று சொல்கிறாரா என்பதை மட்டும் முதலில் கவனியுங்கள். நிறுவனத்திடம் காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

என் அனுபவத்தில் இவர்கள் எல்லோரையும்விடப் பயன்படுபவர் ரிப்பேர் செய்கிறவர். ரிச்சி தெருவில் நான் வழக்கமாகப் போகும் டிவி மெக்கானிக்கின் மேஜை ஒரு ஆள் படுக்கும் அகலம்கூட இருக்காது. அதில் எப்போதும் ஏழெட்டு போர்டுகள் கிடக்கும், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர் எழுதிய டேப் ஒட்டியிருக்கும். "எந்த டிவி வாங்கலாம்ணே?" என்று கேட்டால் பிராண்ட் பெயரைச் சொல்ல மாட்டார். "எதுக்கு ஸ்பேர் கிடைக்குதோ அதை வாங்கு தம்பி. இந்தா பாரு, இந்த பேனல் போச்சுன்னா புது டிவி விலை. இந்த பவர் போர்டு போச்சுன்னா எண்ணூறு ரூபாய்ல முடிச்சிடலாம்" என்று கையில் எடுத்துக் காட்டுவார். எந்த ரேட்டிங்கிலும் இந்தத் தகவல் வராது. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். அவர் மேஜைக்கு வருவது பழுதானது மட்டுமே. ஊரில் அதிகம் விற்ற பிராண்ட் அவரிடமும் அதிகமாகத்தான் வரும். அதனால் "எது அதிகம் வருது?" என்பதைவிட "வந்தா எது சீக்கிரம் சரியாகுது?" என்று கேட்பது நல்லது.

சார்ஜர், பவர் பேங்க் மாதிரி தீப்பிடிக்கக்கூடிய சாமான்களுக்கு ரேட்டிங்கைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் மேல் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று வரும். எண் இல்லாவிட்டால், அல்லது பெயர் ஒத்துப்போகாவிட்டால், 5 ஸ்டாராக இருந்தாலும் வேண்டாம்.

ரிவ்யூ படிக்கும்போது நான் இப்போது செய்வது இதுதான். 5 ஸ்டாரையும் 1 ஸ்டாரையும் விட்டுவிட்டு முதலில் 3 ஸ்டார்காரர்களிடம் போவேன். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அப்புறம் 1 ஸ்டாருக்கு வருவேன். "பெட்டி நசுங்கி வந்தது", "டெலிவரி லேட்" என்பவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே பழுதை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதங்களில் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். "ஆறாம் மாதத்தில் டிஸ்பிளேயில் கோடு" என்று ஏழு பேர் எழுதியிருந்தால், சராசரி 4.5 ஆக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். பிறகு "சென்னை", "உப்புத் தண்ணி", "ஒரு வருஷம்" என்று ரிவ்யூக்களுக்குள்ளேயே தேடுவேன். தேடும் வசதி இருக்கும் தளங்களில் இது ஐந்து நிமிட வேலை.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் பழுதானது வரலாம். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பில்லைப் போனில் படமெடுத்து வையுங்கள். விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சித்தி கடைசியில் கூலரை வாங்கவில்லை. ஆறு மாதத் தவணையில் ஒரு டன், 3 ஸ்டார் ஏசி வாங்கினார். வாங்கிய வாரமே ஸ்டார் கேட்டு வந்த செய்தியை அவர் தொடவில்லை. இந்த வருஷம் மே மாதம் போனபோது அவரே போனை எடுத்து, "இப்போ எழுதுடா" என்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "சென்னை பெரம்பூர். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அறை. 13 மாதம் ஆகிறது. ராத்திரியில் நன்றாகக் குளிர்கிறது, மதியம் மூன்று மணிக்குப் போட்டால் குளிர முக்கால் மணி நேரம் ஆகிறது. ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறோம். ஒருமுறை தண்ணீர் சொட்டியது, சர்வீஸுக்கு ஆள் வர நான்கு நாள். 4 ஸ்டார்."